முதலில் எழுதியது யார்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கிவிட்டு வந்து படிக்கவும்.

என்னிடம் பத்தாம் வகுப்பில் வரலாறு படித்த ஒரு மாணவி (இப்போது அவளுக்கே பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருக்கிறான்) போன வாரம் எனக்கு எழுதியிருந்தாள். “டீச்சர், என் ஃபிரெண்ட்ஸ் ஆறு பேரோட சாட்டையும் மேல தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பேச்சைத் தொடங்கினது யாருன்னு எண்ணினேன். பத்தொன்பதுல பதினேழு நான். இனிமே நிறுத்திட்டேன். யாரு வராங்கன்னு பார்க்கப் போறேன். மூணு வாரமாச்சு, ஒருத்தி கூட வரலை.” கடைசியில் ஒரு கேள்வி: “நான் இவங்களுக்கு யாருமே இல்லையா டீச்சர்?”

பெயர் போடாமல் எழுதலாமா என்று கேட்டேன். சரி என்றாள். நட்பைப் பற்றிக் கேட்டால் நான் தபால் வரலாறு சொல்லப் போகிறேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. அக்பரைப் பற்றிக் கேட்டால் மன்சப்தாரி வரைக்கும் போகாமல் விட்டவள் இல்லை நான்.

“முதலில் யார் தொடங்குகிறார்கள்” என்ற கணக்கு எல்லாக் காலத்திலும் ஒரே பொருளில் இருந்ததில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் 1840க்கு முன்னால் கடிதம் எழுதுகிறவர் காசு கொடுப்பது வழக்கமில்லை. வாங்குகிறவர்தான் பெரும்பாலும் கொடுக்க வேண்டும். தூரம் கூடக் கூடக் கட்டணம் ஏறும். ஒரு தாளுக்குப் பதில் இரண்டு தாள் வைத்தால் இரு மடங்கு. தபால்காரர் வாசலில் நின்று தொகையைச் சொல்வார். கொடுத்தால் கடிதம், இல்லாவிட்டால் அவர் பையிலேயே திரும்பிப் போகும். ஒரு ஏழை வீட்டுக்கு நீங்கள் ஆசையாக ஒரு கடிதம் போட்டால், அந்த வீட்டில் அன்றைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசைப் பிடுங்குகிறீர்கள் என்று அர்த்தம். அதனால் நண்பன் மேல் அக்கறை உள்ளவன் எழுதாமல் இருந்தான். எழுதினாலும் நெருக்கி நெருக்கி, ஒரே தாளில் எழுதி முடித்த வரிகளுக்குக் குறுக்கே தாளைத் திருப்பி மறுபடி எழுதி, இரண்டாவது தாள் வராமல் பார்த்துக்கொண்டான். அப்படிப்பட்ட கடிதங்களின் படங்கள் இணையத்தில் கிடைக்கும், பாருங்கள். பாய் முடைந்த மாதிரி இருக்கும்.

அந்தக் காலத்துக் கதை ஒன்று. கவிஞர் கோலரிட்ஜ் வட இங்கிலாந்தின் ஏரிப் பகுதியில் நடந்து போகும்போது ஒரு வாசலில் தபால்காரர் கடிதத்தோடு நிற்கிறார். அந்த வீட்டுப் பெண் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, கட்டணம் ஒரு ஷில்லிங், தன்னால் முடியாது என்று திருப்பிக் கொடுக்கிறாள். அவளுடைய அண்ணன் எழுதிய கடிதம். கோலரிட்ஜுக்கு மனசு கேட்கவில்லை. அவள் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் அவரே காசைக் கொடுத்து வாங்கிக் கொடுத்தார். தபால்காரர் போனதும் அவள் உறையைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே வெறுந்தாள். அண்ணன் நலமாக இருக்கிறவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு வெறுந்தாள் அனுப்புவான், இவள் உறையைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று இருவருக்கும் ஏற்பாடு. தபால் சீர்திருத்தத்துக்காக வாதாடிய ரோலண்ட் ஹில் இதை எடுத்துச் சொன்னார். பிற்பாடு அவருக்கே நடந்ததாகவும் கதை மாறிவிட்டது.

இது என்ன என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். மிஸ்டு கால்! நம் ஊரில் 2000க்குப் பிறகு பஸ் ஏறியதும் ஒரு ரிங், இறங்கியதும் இரண்டு ரிங் என்று விட்டோமே, அதை அந்த அண்ணன் தங்கை இரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அந்த வெறுந்தாளில் ஒரு எழுத்துகூட இல்லை. ஆனாலும் அவன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாளை மடித்து, முகவரி எழுதி, கொண்டுபோய்ப் போட்டிருக்கிறான்.

ரோலண்ட் ஹில் 1837இல் வெளியிட்ட சிறு நூலில், எழுதுகிறவரே முன்பணமாகக் காசு கட்டட்டும், நாடு முழுக்க ஒரே கட்டணம் இருக்கட்டும் என்றார். 1840 ஜனவரி 10 முதல் ஒரு பென்னிக்குக் கடிதம். அந்த ஆண்டு மே மாதம் பென்னி பிளாக் என்ற உலகின் முதல் ஒட்டும் தபால்தலை வந்தது. ஒரே வருஷத்தில் கடிதங்களின் எண்ணிக்கை இரு மடங்குக்கு மேலானது. ஜனங்களிடம் அவ்வளவு பேச்சு அடைபட்டுக் கிடந்திருக்கிறது. நம் நாட்டில் டல்ஹௌசி காலத்தில், 1854 அக்டோபர் 1 முதல், தூரம் எவ்வளவானாலும் எடை குறைந்த கடிதத்துக்கு அரையணா என்று ஆனது. 1879இல் காலணாக் கார்டு வந்தது.

ஆனால் பழைய பழக்கம் லேசில் போகவில்லை. தலை ஒட்டாமல் போட்டால் வாங்குகிறவரிடம் இரு மடங்கு வசூலிப்பார்கள். அதற்குப் பேரிங் தபால் என்று பெயர். என் அப்பத்தா காலத்தில் வேண்டுமென்றே பேரிங்காகப் போடுகிறவர்கள் உண்டு. கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். காசு வசூலிக்க வேண்டியிருப்பதால் தபால்காரர் தொலைக்காமல் கொண்டுவந்து சேர்ப்பார் என்று ஒரு கணக்கு. எங்கள் வீட்டில் பேரிங் கடிதம் வந்தால், என்ன கெட்ட செய்தியோ என்று முதலில் அடுக்குப் பானையில் காசைத் தேடுவார்கள், பிறகுதான் அனுப்பியவரைத் திட்டுவார்கள்.

ரிப்ளை கார்டு பார்த்திருக்கிறீர்களா? இரண்டு கார்டு ஒட்டியபடி இருக்கும். ஒன்றில் நாம் எழுத வேண்டும். மற்றது பதிலுக்கு, அதற்கும் நாமே காசு கட்டியிருப்போம். வாங்குகிறவர் கிழித்து எழுதிப் போட வேண்டியதுதான். முதலில் எழுதுகிறவரே இரண்டு பேர் செலவையும் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. அப்படியும் அந்தப் பாதியில் பால் கணக்கு எழுதி வைத்துக்கொண்ட ஒரு மாமாவை எனக்குத் தெரியும். அவர் குடும்பம் இந்தப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் பெயர் வேண்டாம்.

சரி, காசு மட்டும்தானா தடை? எழுதத் தெரிய வேண்டாமா?

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, 1960களின் தொடக்கத்தில், எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்த பொம்பளைப் பிள்ளைகள் நானும் இன்னும் இரண்டு பேரும்தான். சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமம், மழை பொய்த்தால் ஆண்கள் பம்பாய்க்கு ரயிலேறிவிடுவார்கள். தாராவியில் பையன் இருந்தால், அம்மா அவனுக்குக் கடிதம் எழுத என்னைத்தான் தேடி வர வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் திண்ணையில் உட்கார வைத்து ஒரு கை வறுத்த கடலை கொடுப்பார்கள். பாட்டி சொல்லச் சொல்ல எழுதுவேன். மருமகளோடு சண்டை, வயிற்று வலி, எல்லாவற்றையும் பத்து வயதுப் பிள்ளையிடம், பக்கத்து வீட்டுக்காரி காது கேட்கச் சொல்ல வேண்டும். அதனால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, “நாங்கள் எல்லோரும் நலம், உன் நலம் அறிய ஆவல், ஆடு குட்டி போட்டிருக்கிறது” என்று முடித்துவிடுவார்கள்.

அந்தப் பாட்டிமாருக்கும் மகன்மாருக்கும் நடந்த உண்மையான கடிதப் போக்குவரத்து மணியார்டர்தான். இந்தியாவில் 1880இல் வந்த சேவை. மகன் மாசம் பிறந்தால் பத்தோ பதினைந்தோ அனுப்புவான். மணியார்டர் படிவத்தின் அடியில் இரண்டு மூன்று வரி எழுத இடம் இருக்கும். “அம்மா சுகம். லீவு இல்லை.” அவ்வளவுதான் இருக்கும். பணத்தை வாங்கிக்கொண்டதற்கு அம்மா கைநாட்டு வைப்பாள். அந்த ஒப்புகைச் சீட்டு திரும்ப மகனிடமே போய்ச் சேரும். தாராவியில் அவன் கையில் வந்து விழுவது அம்மாவின் பெருவிரல் ரேகை. மாதாமாதம் தொடங்குகிறவன் மகன், பதில் போடுகிறவள் அம்மா. இன்றைய கணக்குப்படி பார்த்தால் அந்த அம்மா ஒருமுறைகூட “முதலில் மெசேஜ்” போட்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடிதத்தில் “தொடங்குவது” என்பது ஒரே ஒரு தடவைதான். அதற்குப் பிறகு யார் தொடங்கினார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இப்போது யார் முறை என்றுதான் கேட்பார்கள். “உங்கள் 12ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது” என்று தொடங்கி “உடன் பதில் போடவும்” என்று முடியும். நூல் அறுவதே இல்லை. மூன்று மாதம் கழித்துப் பதில் போட்டாலும் அது பதில்தான், புதுத் தொடக்கம் ஆகாது. கடிதங்களைக் கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருப்பார்கள், பதில் போட வேண்டியது மேலே தெரியும். வாட்ஸ்அப்பில் அப்படி இல்லை. ஒரு பேச்சு “ஓகே”, “ம்”, ஒரு சிரிப்பு பொம்மை என்று அங்கேயே செத்துப்போகிறது. நாளைக்கு யாராவது மறுபடி முதலில் இருந்து உயிர் கொடுக்க வேண்டும். ஒரு நட்பில் ஒருமுறை செய்த வேலையை இப்போது வாரம் ஒருமுறை செய்ய வேண்டியிருக்கிறது. என் மாணவி எண்ணிய பத்தொன்பதும் இப்படிப்பட்டவை. இதை எண்ணும் வசதி நம் பாட்டன் பூட்டனுக்கு இல்லை, ஏனென்றால் அவர்கள் எழுதியது அவர்கள் கையிலேயே இருக்காது. எதிராளி எழுதியதுதான் நம்மிடம் இருக்கும்.

இப்போது ராமானுஜனுக்கு வருகிறேன். கணித மேதை ராமானுஜன்தான். அவருடைய கணிதம் எனக்குத் தெரியாது, கணக்கு டீச்சர்கள் மன்னிக்கவும். அவருடைய கடிதங்கள் எனக்குத் தெரியும்.

1913 ஜனவரி 16ஆம் தேதி, சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்த ராமானுஜன், முன்பின் அறியாத கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். வருஷத்துக்கு 20 பவுன் சம்பளம் என்று தன்னைப் பற்றி அதில் சொல்லிக்கொண்டார். மாதம் 30 ரூபாய் வேலை. அதற்கு முன்பே கேம்பிரிட்ஜில் வேறு இருவருக்கு எழுதி உதவி கிடைக்காமல் போயிருந்தது. அந்த மௌனத்துக்குப் பிறகும் மூன்றாவதாக ஒருவருக்கு எழுதினார் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவர் மேல் பிரியம். ஹார்டி பிப்ரவரி 8இல் பதில் எழுதினார். முந்தின நாள்தான் அவருக்கு 36 வயது நிறைந்திருந்தது. பிப்ரவரி 27இல் ராமானுஜனின் அடுத்த கடிதம். முதல் கடிதத்துக்கும் இதற்கும் இடையில் 42 நாள். கப்பல் போய் வந்த நாட்கள் அவை. அந்த இரண்டாவது கடிதத்திலேயே, தன் உழைப்பைப் பரிவோடு பார்க்கும் ஒரு நண்பர் கிடைத்துவிட்டார் என்று ராமானுஜன் எழுதிவிட்டார். ஒரே ஒரு பதிலுக்குப் பிறகு!

யார் முதலில் எழுதினார் என்றால் ராமானுஜன். அதற்குப் பிறகு யார் அதிகம் ஓடினார் என்றால் ஹார்டி. 1913 மே முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்ததற்கு ஹார்டியின் ஆர்வம் முக்கியக் காரணம். சென்னைக்கு வந்த நெவில் என்ற கணிதவியலாளர் மூலம் நேரில் பேச வைத்ததும் ஹார்டிதான். 1914 மார்ச் 17இல் ராமானுஜன் கப்பல் ஏறினார்.

ஐந்து வருஷம் கழித்து, 1919 மார்ச்சில், உடல் நொந்து திரும்பினார். அதன்பிறகு? ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் 1920 ஜனவரி 12 தேதியிட்டது. அதுவரைக்கும் ஒரு கடிதம்கூட எழுதாததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, அடுத்த வரியிலேயே தான் கண்டுபிடித்த புதிய சார்புகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். மாக் தீட்டா சார்புகள் என்று இன்றைக்கும் உலகமெங்கும் ஆராய்கிறார்கள். ஏறக்குறைய பத்து மாதம் மௌனம், பிறகு தன் கடைசிக் கண்டுபிடிப்பை அந்த நண்பருக்குத்தான் சொன்னார். ஏப்ரல் 26இல் காலமானார். அந்தப் பத்து மாதத்தில் நம்மைப் போல ஹார்டி மெசேஜை எண்ணியிருந்தால் என்ன முடிவுக்கு வந்திருப்பார்?

ஆனால் என் மனசில் அதிகம் நிற்பது ஜானகி அம்மாளின் கதை. ராமானுஜனின் மனைவி. 1909இல் கல்யாணம், அப்போது அவர் சின்னஞ்சிறு பெண். கணவர் சீமையில் இருந்த வருஷங்களில் அவர் மாமியாரோடு இருந்தார். கணவருக்கு இவர் எழுதிய கடிதங்கள் போய்ச் சேரவில்லை, கணவர் இவருக்கு எழுதியவையும் இவர் கைக்கு வரவில்லை. மாமியார் கோமளத்தம்மாள் நடுவில் நிறுத்திவிட்டார். ஜானகி அம்மாளே பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். ராபர்ட் கனிகல் 1991இல் வெளியிட்ட ராமானுஜன் வாழ்க்கை வரலாற்றில் விரிவாக இருக்கிறது. பிறகு தம்முடைய அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்காகக் கராச்சிக்குப் போன பிறகு, அங்கிருந்து கணவருக்கு எழுதினார். புடவை வாங்கப் பணம் கேட்டு. ராமானுஜன் அனுப்பினார். 1919இல் பம்பாயில் கப்பலை விட்டு இறங்கியபோது அழைக்க வந்தவர்கள் அம்மாவும் தம்பியும். மனைவியைக் காணோம். அவள் எங்கே என்று கேட்டிருக்கிறார்.

கும்பகோணத்தில் இருந்த பெண் பார்த்தால் கணவர் எழுதவில்லை. கேம்பிரிட்ஜில் இருந்தவர் பார்த்தால் மனைவி எழுதவில்லை. இரண்டு பேரும் எழுதினார்கள்! இரண்டு பேர் கணக்கிலும் பூஜ்யம். வரலாறு படிக்கிறவர்களுக்கு இது ஒரு பாடம்தான், ஆவணம் இல்லை என்பதால் சம்பவம் நடக்கவில்லை என்று எழுதிவிட முடியாது. கோமளத்தம்மாளைக் கொடுமைக்காரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடவும் எனக்கு மனசில்லை. வறுமையில் அந்தப் பிள்ளையைத் தாங்கிப் பிடித்தவரும் அவர்தான். அந்தக் காலத்து வீடுகளில் மருமகளுக்கு வரும் கடிதம் மருமகளுடையது இல்லை, வீட்டுக்கு வந்த கடிதம். யாரோ பிரிப்பார்கள், யாரோ படிப்பார்கள், கொடுக்கலாம் என்று தோன்றினால் கொடுப்பார்கள்.

அந்தக் காலம் என்று சொல்கிறேன், 1970கள் வரைக்கும் எனக்கே தெரியும். ஆசிரியப் பயிற்சியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் ஒருத்தி. வெள்ளிக்கிழமை இரவு இருவரும் ஒருத்திக்கு ஒருத்தி தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் பேசிக்கொண்டே இருப்போம். படிப்பு முடிந்த மறு வருஷம் அவளுக்குக் கல்யாணம். இரண்டு இன்லண்டு லெட்டர் போட்டேன். பதிலாக ஒரே ஒரு கார்டு வந்தது. கார்டு என்றால் எல்லோரும் படிக்கலாம் அல்லவா, அதனால் நலம் விசாரிப்பு மட்டும். கடைசியில், “இனிமேல் நானே எழுதுகிறேன்” என்று இருந்தது. நீ எழுதாதே என்பதை அப்படிச் சொல்லியிருந்தாள். புரிந்துகொண்டு நிறுத்திவிட்டேன். அவளால் எழுத முடியவில்லை. 1998இல் அவள் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. உள்ளே ஒரு வரியும் எழுதவில்லை. ஆனால் உறை மேல் என் முகவரி அவள் கையெழுத்தில் இருந்தது. அதுவும் நான் வேலை பார்த்த நான்காவது ஊரின் முகவரி. யார் யாரிடமோ கேட்டு, ஒவ்வொரு மாற்றலுக்கும் குறித்து வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். இருபத்தி நாலு வருஷம்.

நம் பக்கத்துப் பெண்களுடைய பள்ளிக்கூட நட்பு இப்படித்தான் முடிந்துபோனது, சண்டையால் இல்லை. என் தலைமுறையில் ஐம்பது பேர் படித்த வகுப்பில், கல்யாணத்துக்குப் பிறகும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம். ஆண்கள் டீக்கடையில் சந்தித்துக்கொண்டார்கள். இவர்களுக்குப் புகுந்த வீட்டு விலாசமே தெரியாது.

தொலைபேசிக் காலத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறேன், உங்களுக்கே தெரியும். மஞ்சள் போர்டு போட்ட எஸ்டிடி பூத், கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். இரவு ஏற ஏறக் கட்டணம் இறங்கும், அதற்காகத் தூக்கம் வழியக் காத்திருந்தோம். 1995இல் செல்போன் வந்தபோது, அழைக்கிறவருக்கும் காசு, எடுக்கிறவருக்கும் காசு. 1840க்கு முந்தைய இங்கிலாந்து மறுபடி வந்த மாதிரி! போனில் பெயரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் விட்டவர்கள் அன்பில்லாதவர்களா? 2003இல்தான் வரும் அழைப்புகள் இலவசமாயின. அதன் பிறகு எஸ்எம்எஸ். தீபாவளி அன்றைக்கு அனுப்பினால் பேக்கில் சேராது, முழுக் காசு பிடிப்பான் என்று முந்தின நாளே வாழ்த்து அனுப்பினீர்களே, அதுவும் வரலாறுதான்.

வாட்ஸ்அப் வந்து காசு என்ற சாக்கு மொத்தமாகப் போய்விட்டது. 2014 நவம்பரில் நீல டிக்கும் வந்தது. பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை கேட்டார்கள் தெரியுமா? வக்கீல் நோட்டீசுக்கும், கடன்காரனுக்கும், வேலை விண்ணப்பத்துக்கும்தான் அது. சிநேகிதிக்கு எழுதும் கடிதத்துக்கு யாரும் ஒப்புகை அட்டை வைத்ததில்லை. இப்போது “சாப்பிட்டியா” என்று கேட்டதற்கும் ஒப்புகை வருகிறது. வாங்கினாள், 8.42க்குப் படித்தாள், பதில் இல்லை. முன்பெல்லாம் தபால் தொலைந்திருக்கும் என்று நினைத்து நம்மை நாமே சமாதானம் செய்துகொள்வோம். பாதி நேரம் அது பொய்யாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு பல நட்புகள் பத்து வருஷம் தாண்டியிருக்கின்றன.

என் மாணவிக்கு நான் எழுதிய பதிலை இங்கே சுருக்கிச் சொல்கிறேன். கணக்கே பார்க்காதே என்று நான் சொல்லவில்லை. ராமானுஜன் முதலில் எழுதிய இருவரிடமும் விடாமல் எழுதிக்கொண்டிருந்திருந்தால் ஹார்டி கிடைத்திருக்க மாட்டார். படித்துவிட்டும், நேரம் இருந்தும், கையில் போன் இருந்தும், மாதக்கணக்கில் ஒரு சொல் எழுதாதவர்கள் உண்டு. அவர்களை விட்டுவிடலாம், பாவம் இல்லை. ஆனால் அந்த ஆறு பேரைப் பற்றி ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். ஒருத்தி நீ தொடங்கினால் ஒரு மணி நேரம் பேசுகிறாள் என்கிறாய். ஒருத்தி உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது சொல்லாமலே சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தாள் என்கிறாய். ஒருத்தி வீட்டில் ஒரே போன், அது மாலையில்தான் மகனிடமிருந்து அவள் கைக்கு வரும். ஒருத்தி வீட்டில் போனை வேறு யாரோ எடுத்துப் பார்க்கிறார்கள் என்று உனக்கே சந்தேகம். 1917இல் கும்பகோணத்தில் நடந்தது 2024இல் திருப்பூரில் நடக்காது என்று யார் சொன்னது? இந்த நான்கு பேருக்கும் நீயே தொடங்கு. மிச்சம் இரண்டு பேரைப் பற்றி நீ சொன்னதைக் கேட்டால் எனக்கும் நல்லதாகத் தோன்றவில்லை. அவர்களுக்கு நீ எழுதாமல் இருப்பதில் தப்பில்லை.

அவள் கேட்டாள், “நாலாவது ஆளுக்கு என்ன எழுதறது டீச்சர்? வேற யாராவது படிச்சா?” நான் சொன்னேன், அண்ணன் தங்கை செய்ததைச் செய். ஒரு பூ படம் அனுப்பு. செவ்வாய்க்கிழமை தோறும். அவளும் ஒரு பூ அனுப்பினால் நலம். மூன்று வாரம் வராவிட்டால் பஸ் ஏறிப் போய்ப் பார்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ கம்பியில் குத்திய பழைய கடிதங்கள், மணியார்டர் துண்டுகள், ரிப்ளை கார்டு எது இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கமும் படம் எடுங்கள். தபால் முத்திரை தெளிவாகத் தெரிய வேண்டும், தேதியும் ஊரும் அதில்தான் இருக்கும். துருப்பிடித்த கம்பியைப் பிடுங்க வேண்டாம், தாள் கிழியும், கம்பியை வெட்டி எடுங்கள். பெண்கள் பெண்களுக்கு எழுதியது கிடைத்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். அது அபூர்வம், வெளியில் போட மாட்டேன். கோவில்பட்டி மதினி, உங்கள் வீட்டு மச்சில் அந்தப் பச்சைப் பெட்டி இன்னும் இருக்கிறதா?